பாம்புக்கு இட்ட பெயர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நாம் காப்பியை அருந்திவிட்டுப் பரீட்சைத் தாள்களுடன் மல்லுக்கு நிற்க ஆயத்தமாகிக் கொண்டிருந்த சமயம், வாசலில் "சார்!" என்று ஒரு குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால், கணக்கில் நூற்றுக்கு 35க்கு மேல் வாங்குவதில்லை என்று ஒரு காலத்தில் விரதம் பூண்டிருந்த நம் பழைய மாணவன் நிற்கிறான். இப்போது டோக்கியோ நகரத்தில் கம்ப்யூட்டர் உத்தியோகம். உபாத்தியாயரின் மதிப்பெண்ணுக்கும் உலகத்தின் மதிப்பெண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்பதை இவனைப் பார்க்கும்போதெல்லாம் நாம் எண்ணிக்கொள்வது வழக்கம்.

கையில் ஒரு நீண்ட காகிதச் சுருள் வைத்திருந்தான். "உங்களுக்குத்தான் பரமபதத்திலே ரொம்பப் பிரியமாச்சே, சார்! இது ஜப்பான்காரர்களுடைய பரமபதம். ஜிம்போச்சோ என்று பழைய புத்தகக் கடைகளாகவே இருக்கிற ஒரு பேட்டை உண்டு. அங்கே அகப்பட்டது" என்றான்.

கூடத்தில் பாயை விரித்து, சுருளின் நான்கு மூலைகளிலும் பரீட்சைத் தாள் கட்டுகளைப் பாரமாக வைத்தோம். (அத்தாள்கள் அன்று செய்த ஒரே உபகாரம் அதுதான்.) அழகான வர்ணப் படம். கொழுகொழுவென்று கன்னம் சிவந்த குழந்தைகள். ஒரு கட்டத்தில் காகித விமானம் விடுகிறார்கள். அடுத்த கட்டத்தில் நிஜ விமானம் பறக்கிறது. கப்பல் போகிறது, தென்னை மரங்கள் வருகின்றன. ஒரு மூலையில் ரப்பர் மரம் ஒன்று. அதன் அடியில் பால் வடிக்கும் கூலியாள் ஒருவன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். உச்சிக் கட்டத்தில் சூரியக் கொடி. கட்டங்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் உள்ளவற்றை மாணவன் நிறுத்தி நிறுத்தி வாசித்துச் சொன்னான். இன்ன எண் விழுந்தால் இன்ன இடத்துக்குத் தாவலாம்; இன்ன கட்டத்தில் ஒரு முறை ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். யுத்தம் நடந்த வருஷங்களில் ஒரு சிறுவர் பத்திரிகை தன் புத்தாண்டு இதழோடு இலவசமாகக் கொடுத்த படமாம்.

நாம் அந்த ரப்பர் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

இந்த ஆட்டத்துக்கு ஜப்பானில் 'சுகொரோகு' என்று பெயர். அந்தப் பெயரில் இரண்டு ஆட்டங்கள் உண்டு. ஒன்று சீனாவிலிருந்து வந்த பழைய சூதாட்டம். மக்கள் அதில் மூழ்கிப் போகிறார்கள் என்று 689ஆம் வருஷத்திலேயே ஜித்தோ என்னும் மகாராணி அதற்குத் தடை விதித்தாளாம். மற்றது படத்தின்மேல் காய் நகர்த்தும் ஆட்டம். இதன் பழைய வகை ஒன்றைக் கேட்டால் நம் நேயர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதற்கு 'ஜோதோ சுகொரோகு', அதாவது புண்ணிய லோகத்துச் சுகொரோகு என்று பெயர். மனிதன் இவ்வுலகத்திலிருந்து புறப்பட வேண்டியது. பாவத்தின் பயனாய் நரகத்தில் விழுந்தாலும் விழலாம். தப்பினால் படிப்படியாய் ஏறி உச்சியில் புத்தபிரானின் திருவடியை அடையலாம். பகடையின் ஆறு முகங்களிலும் எண்களுக்குப் பதிலாகப் புத்தரைப் போற்றும் ஆறு எழுத்துக்கள்! நம் வீட்டுப் பாட்டிமார் மார்கழி மாதத்து வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காக விரித்து வைக்கும் பரமபத சோபன படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே புத்தர், இங்கே பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாள். அவ்வளவுதான்.

நம் பரமபதம் கப்பலேறி இங்கிலாந்துக்கும் போயிற்று. 1890களில் அங்கே அச்சிட்டு விற்றார்கள். நம் பழைய படங்களில் பெரும்பாலும் ஏணிகளைவிடப் பாம்புகள் அதிகம். மோக்ஷம் சுலபத்தில் கிடைப்பதில்லை அல்லவா? ஆங்கிலேயர் கணக்குப் பார்த்துப் பாம்பையும் ஏணியையும் ஏறக்குறைய சமமாக்கினார்கள். பெருமாளை எடுத்துவிட்டு, சோம்பல், சிக்கனம், கீழ்ப்படிதல் என்று தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டியவற்றை எழுதிக்கொண்டார்கள். கட்டம் போட்ட காகிதத்துக்குச் சொந்தமாக ஒரு மதமும் கிடையாது. உச்சியில் யாரை உட்கார்த்தி வைக்கிறோமோ அவரிடம் அது குழந்தையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

ஜப்பானில் நடந்ததும் இதுதான். புத்தரின் இடத்தில் முதலில் கியோத்தோ நகரம் வந்தது. எதோ நகரிலிருந்து 53 சாவடிகளைக் கடந்து கியோத்தோ போய்ச் சேரும் தொகைதோ சாலைப் பிரயாணத்தையே ஓர் ஆட்டமாக்கினார்கள். அதில் பொல்லாங்கு ஒன்றும் இல்லை. வீட்டில் இருந்தபடியே ஊர் பார்க்கலாம். பிறகு, படித்து உத்தியோகம் தேடிப் பெரிய மனிதனாவதற்கு ஒரு படம் வந்தது. 1894இல் சீனாவோடு யுத்தம் மூண்டது, 1904இல் ருஷ்யாவோடு. அப்போதே யுத்தகளம் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டு வீட்டுப் பாயின்மேல் வந்து அமர்ந்துவிட்டது. 1937இல் சீனாவுடன் மறுபடி பெரும் போர். 1941 டிசம்பரில் பசிபிக் யுத்தம். இதற்குள் சிறுவர் பத்திரிகை, சிறுமியர் பத்திரிகை, குடும்பப் பத்திரிகை எல்லாம் புத்தாண்டு இதழுடன் படம் இணைத்துக் கொடுப்பது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. சந்தா கட்டும் வீடு தோறும் அந்தப் படம் போகும். புத்தாண்டு விடுமுறையில் பாட்டி, தாய், பிள்ளைகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்கள்.

இதில் உள்ள சாமர்த்தியத்தை ஓர் உபாத்தியாயர் என்ற முறையில் நாம் மெச்சாமல் இருக்க முடியவில்லை. நாம் வகுப்பில் ஒரு பாடத்தை நாற்பது நிமிஷம் தொண்டை வறளக் கத்தினால், கடைசி வரிசைக்குப் போய்ச் சேருவதற்குள் அது பாதியாய்த் தேய்ந்துவிடும். அந்தப் படமோ ஒரு வார்த்தையும் உரக்கச் சொல்வதில்லை. குழந்தை தன் கையால் பகடையை உருட்டுகிறது. தன் வாயால் எண்ணுகிறது. தன் விரலால் காயை நகர்த்துகிறது. "சிங்கப்பூர் வந்துவிட்டேன்!" என்று குதிக்கிறது. பக்கத்தில் அம்மா சிரிக்கிறாள். சர்க்கார் உத்தரவு எதுவும் அந்தக் கூடத்துக்குள் இவ்வளவு இனிமையாக நுழைந்திருக்க முடியாது.

சீட்டாட்டத்தையும் அவர்கள் விட்டு வைக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொகுத்த நூறு புலவர்களின் நூறு பாட்டுக்களைச் சீட்டுகளில் எழுதிக்கொண்டு, ஒருவர் பாடப் பாட மற்றவர் தாவி எடுக்கும் விளையாட்டு ஒன்று ஜப்பானியர் வீடுகளில் புத்தாண்டுதோறும் நடக்கும். அந்த நூறில் 40க்கு மேற்பட்டவை காதல் பாட்டுக்கள். யுத்த காலத்தில் காதல் என்ன வேண்டியிருக்கிறது? 1942 நவம்பரில், சர்க்காரின் ஆதரவுடன் இலக்கியச் சங்கத்தார் கூடி, சக்கரவர்த்தியிடம் பக்தி சொட்டும் நூறு பாட்டுக்களைப் புதிதாகத் தேர்ந்தெடுத்துப் பத்திரிகைகளில் வெளியிட்டார்கள். சீட்டுகளும் அச்சாயின. விளையாட்டு அதேதான், தாவி எடுக்கும் பிஞ்சுக் கைகளும் அவையேதான்.

ஜப்பானை மட்டும் சொல்வானேன்? ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துக் கம்பெனி ஒன்று, யூதர்களை ஊரைவிட்டுத் துரத்துவதையே பகடை ஆட்டமாக்கி விற்றது. 1938ஆம் வருஷத்துக் கடைசியில் நாஜிகளின் சொந்தப் பத்திரிகையே இதைக் கண்டித்து எழுதிற்று. யூதர்மேல் இரக்கம் வந்துவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். தாங்கள் அவ்வளவு சிரத்தையாகச் செய்யும் காரியத்தைப் பிள்ளை விளையாட்டாக்கிவிட்டார்களே என்றுதான் கோபம்!

இனி அந்த ரப்பர் மரத்துக்கு வருவோம்.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானியர் அதற்கு 'ஷோனான்' என்று பெயர் மாற்றினார்கள். ஏப்ரல் 5இல் கொழும்பின்மேலும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய ஊர்களின்மேலும் குண்டுகள் விழுந்தன. அடுத்தது சென்னைதான் என்று பட்டணம் நடுங்கிற்று. சில நாட்களுக்குள் தெருத் தெருவாகக் காலியாகிவிட்டது. நம் பாட்டிக்கு அப்போது 14 வயது. முத்தியாலுப்பேட்டையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு, அரக்கோணம் வழியாக ரயிலேறித் திருத்தணியில் உறவினர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். நாம் இன்று திருத்தணிக்காரராக இருப்பதற்கு முருகப்பெருமானின் அருள் பாதி, ஜப்பானியரின் விமானம் பாதி காரணம் என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவசரத்தில் அள்ளிக்கொண்டு வந்த சாமான்களில், துணியில் ஒட்டிய பரமபதப் படமும் ஒரு ஜோடிப் பித்தளைத் தாயக்கட்டையும் இருந்தன. அவை இரண்டும் இன்றும் நம் வீட்டில் இருக்கின்றன. நாம் அறிந்த முதல் எழுத்துக்கள் அந்தப் படத்தின் பாம்புகளின்மேல் இருந்தவைதான்.

பாட்டியின் சித்தப்பா ஒருவர் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் கிராணி. சிங்கப்பூர் வீழ்ந்தபின் அவரிடமிருந்து கடிதம் இல்லை. மூன்றரை வருஷம் இல்லை. யுத்தம் முடிந்து வெகு நாளைக்குப் பிறகு, தோட்டத்து ஆள் ஒருவர் எழுதிய இரண்டு வரிதான் வந்தது: சயாம் ரயில் பாதை வேலைக்குக் கூட்டிப் போனார்கள், திரும்பவில்லை. சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அங்கே ஆயிரம் ஆயிரமாய்க் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். பரமபதம் ஆடும்போதெல்லாம் பாட்டி ஒரு காயைத் தனியாக எடுத்து ஓரத்தில் வைத்துவிடுவாள். "அது யாருக்குப் பாட்டி?" என்றால், "இன்னும் தாயம் விழாதவருக்கு" என்பாள்.

ஆகவே, மாணவன் கொண்டுவந்த படத்தில் ரப்பர் மரத்தடியில் சிரித்துக்கொண்டிருந்த அந்தக் கூலியாளை நாம் வெகு நேரம் பார்த்தோம். வரைந்த ஓவியர் நல்லவராகக்கூட இருந்திருக்கலாம். அந்தக் கட்டத்தில் வந்து குதித்த குழந்தைக்கும் ஒரு கெடுதலான எண்ணமும் இருந்திராது. ஒருவர் மனையில் விரித்த ஆட்டப் படத்தில், இன்னொருவர் குடும்பம் ஒரு கட்டமாகக் கிடந்தது.

"பார்த்தாயா, எப்பேர்ப்பட்ட ஜனங்கள்!" என்று மாணவனிடம் சொல்ல வாயெடுத்தோம். சொல்லவில்லை. அவனும் நம்மிடம் படித்தவன்தான். ஆனால் நாம் இப்போது சொல்லப்போகும் விஷயம் அவன் பள்ளியை விட்டுப் போன பிறகு நடந்தது. அவனுக்குத் தெரியாது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நவம்பர் மாதத்தில், நம் பள்ளியில் வடக்கெல்லைப் போராட்டத்தைப் பற்றி ஒரு பொருட்காட்சி வைத்தோம். இந்த ஊருக்கு அது சாமானியமான சரித்திரம் அல்ல. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது திருத்தணியும் அதனுடன் போய்விட்டது. தமிழாசான் மங்கலங்கிழார் ஊர் ஊராக நடந்து தமிழ்ப் பள்ளிகள் வைத்ததும், ம. பொ. சிவஞானம் அவர்களும் தமிழரசுக் கழகத்தாரும் மறியல் செய்து சிறை புகுந்ததும், படாஸ்கர் தீர்ப்பின் பயனாக 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தாலுகாவின் பெரும் பகுதி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியதும் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய விஷயங்கள். திருப்பதி கிடைக்கவில்லை, திருத்தணி கிடைத்தது என்று பெரியவர்கள் இன்றும் பெருமூச்சும் பெருமிதமுமாய்ச் சொல்கிறார்கள். அந்தப் பெருமிதம் நமக்கும் உண்டு. அதை இன்றும் நாம் விட்டுவிடவில்லை.

எல்லா ஆசிரியர்களும் அட்டையில் படம் ஒட்டினார்கள். நமக்கு மட்டும் ஒரு யோசனை உதித்தது: எல்லைப் போராட்டத்தையே ஒரு பரமபதமாக்கினால் என்ன? மூன்று இரவு விழித்து 100 கட்டம் போட்டோம். அடியில் 1953; உச்சியில் 1960. மங்கலங்கிழாருக்கு ஓர் ஏணி, ம.பொ.சி. அவர்களுக்கு நீண்ட ஏணி. இந்த ஊரில் 1888ஆம் வருஷம் பிறந்து பாரத தேசத்தின் ஜனாதிபதியாக உயர்ந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்களுக்கு ஓர் ஏணி. பாம்புகளுக்கு அலட்சியம், கோஷ்டிச் சண்டை என்று ஏதேதோ பெயர் வைத்தோம். 97ஆம் கட்டத்தில் வாய் பிளந்து கிடக்கும் பெரிய பாம்புக்கு மட்டும் பெயர் அகப்படவில்லை. இரவு ஒரு மணி இருக்கும். தூரிகையை எடுத்துச் சிவப்பு மையில் 'ஆந்திரம்' என்று எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டோம்.

பொருட்காட்சியில் நம் படத்துக்குத்தான் கூட்டம். யாராவது பெரிய பாம்பின் வாயில் விழுந்தால் கூரை அதிரக் கூச்சல். நாமும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, சற்றுத் தலை நிமிர்ந்தே நின்றோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். தமிழ்க் கட்டுரையில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்குகிறவள். அவள் காய் 97இல் விழுந்தது. கூச்சல் எழுந்தது. அவள் முகம் கோணவில்லை. விரலால் காயைப் பாம்பின் உடல் வழியே மெதுவாக, ஒரு வளைவையும் விடாமல், வால் வரைக்கும் நகர்த்திக்கொண்டு போனாள். பிறகு நம்மிடம் வந்தாள்.

"சார், எங்க பாட்டி ஊரு நகரி. மாமா, அத்தை எல்லாரும் அங்கேதான் இருக்காங்க. அவங்க எல்லாம் இந்தப் பாம்பு வயித்துக்குள்ளேயா சார் இருக்காங்க?"

கேலி இல்லை, கோபமும் இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பதைப் போலத்தான் கேட்டாள். நாம் என்னவோ சொல்லிச் சிரித்து மழுப்பினோம். என்ன சொன்னோம் என்பது இப்போது நினைவில்லை. நினைவில் வைக்கத் தகுந்ததாக அது இருந்திராது.

அன்றிரவுதான் இன்னொன்றும் உறைத்தது. நாம் ஏணி வைத்துக் கொண்டாடிய இராதாகிருஷ்ணன் அவர்களும் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர்தாம்! ஒரே படத்தில் ஒரே வீட்டுப் பேச்சை ஏணியாகவும் வைத்திருந்தோம், பாம்பாகவும் வைத்திருந்தோம். பிள்ளைகள் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. ஆட்ட மும்முரத்தில் யார் கவனிப்பார்கள்? பாட்டி ஓரத்தில் எடுத்து வைக்கும் அந்தக் காய் கண்முன் வந்து நின்றது. எல்லைக்காகச் சிறை புகுந்தவர்கள் வாதாடியது ஊருக்கும் தாலுகாவுக்கும்தான். நகரியில் உள்ள ஒரு கிழவியைப் பாம்பென்று அவர்கள் யாரும் நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது முழுக்க முழுக்க நம் சொந்தக் கைவரிசை.

மறுநாள் விடியற்காலையில் பள்ளிக்குப் போய், அந்தப் பெயரின்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டினோம். வேறு பெயர் எழுதவில்லை. பொருட்காட்சி முடிந்தும் படம் வகுப்பில் கிடந்தது. மழை நாளில் பிள்ளைகள் எடுத்து ஆடுவார்கள். வெற்றுக் காகிதத்தைச் சும்மா விடுவார்களா? ஒருவன் பென்சிலால் 'கணக்குப் பரீட்சை' என்று எழுதினான். அதை அழித்து இன்னொருவன் எதிர் பெஞ்சுக்காரன் பெயரை எழுதினான். அந்தப் பெண் எழுதினாளா என்று நாம் கேட்கவில்லை. கேட்கும் துணிவு வரவில்லை.

அந்த வருஷம் டிசம்பர் 31ஆம் தேதி இரவு வழக்கம்போல் மலைக்குப் போனோம். தணிகைமலைக்கு ஆண்டின் நாட்களைப்போல் 365 படிகள் என்பது நேயர்கள் அறிந்ததே. வெள்ளைக்காரர் ஆட்சியில், ஆங்கிலப் புத்தாண்டன்று துரைமாரைத் தேடிப் பழக்கூடையுடன் ஓடிய ஜனங்களை, "ஓடுவதானால் தணிகைத் துரையிடம் ஓடுங்கள்" என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் இந்தப் பக்கம் திருப்பிவிட்டார் என்பார்கள். அன்று முதல் படித் திருவிழா நடக்கிறது. படிக்கு ஒரு பாட்டாகத் திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுகிறார்கள். படிக்குப் படி மஞ்சள், குங்குமம், கற்பூரம். தமிழ்க் கோஷ்டிக்குப் பக்கத்தில் தெலுங்குக் கோஷ்டி. சித்தூர், புத்தூர், நகரியிலிருந்தெல்லாம் வந்த கூட்டம். குளிரும் கற்பூரப் புகையுமாக இருந்தது.

நடு மலையில், ஒரு படிக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்த கிழவிக்குப் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நின்றாள். நம்மைக் கண்டதும் "வணக்கம், சார்!" என்றாள். கிழவி நிமிர்ந்து பார்த்து, யார் என்பதுபோல் பேத்தியைப் பார்த்தாள். பேத்தி குனிந்து காதோடு சொல்வதாக நினைத்துக்கொண்டு, நாலு படிக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"ஈயனே மா பாமு சாரு."

இவர்தான் எங்கள் பாம்பு சார். அவ்வளவு தெலுங்கு திருத்தணியில் யாருக்கும் தெரியும்.

கிழவி நம்மை மேலும் கீழும் பார்த்தாள். பொக்கை வாய் விரியச் சிரித்தாள். பிறகு தட்டிலிருந்து ஒரு கற்பூரக் கட்டியை எடுத்து நம் கையில் வைத்து, அடுத்த படியைக் காட்டினாள். நம்மிடம் தீப்பெட்டி இல்லை. அந்தப் பெண்தான் பற்றவைத்துக் கொடுத்தாள்.